'ஸ்லைடு மாஸ்டர்' – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

சனிக்கிழமை எங்கள் வட்டார ஆசிரியர்களுக்குப் பவர்பாயிண்ட் பயிற்சி. கையேடு வெள்ளி காலை அச்சுக்குப் போக வேண்டும். எஃப்5 தட்டினால் முதலிலிருந்து ஓடும், ஷிப்ட்டோடு சேர்த்துத் தட்டினால் நிற்கிற ஸ்லைடிலிருந்து ஓடும், நடுவில் பி தட்டினால் திரை கறுத்துப் பிள்ளைகளின் கண் நம் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் எழுதியாயிற்று. ஸ்லைடு மாஸ்டரில் நின்றுவிட்டேன். நாற்பது ஸ்லைடிலும் எழுத்துருவை ஒவ்வொன்றாக மாற்றித் தூக்கத்தைத் தொலைக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய உதவி: வியூ பட்டியலில் அதைத் திறந்து, இடப்பக்கம் உச்சியில் இருக்கும் பெரிய ஸ்லைடில் ஒருமுறை மாற்றினால் போதும். ஸ்லைடுக்கு 'வில்லை' என்ற சொல்லை வைத்து, 'முதன்மை வில்லை' என்று எழுதினேன். படித்த சக ஆசிரியை, "முதல் ஸ்லைடுல மாத்தினா போதுமா டீச்சர்?" என்று கேட்டார். வேறு சொல் தாருங்கள்.

-----

> வேறு சொல் தாருங்கள்

'கரு வில்லை' எனலாம் அம்மா. கரு என்பதற்கு வார்ப்பு அச்சு என்றும் பொருள் உண்டு. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். உருவம் பிறக்கும் இடம் அது. இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை.

-----

ஐயா, சேர்த்து எழுதிப் பாருங்கள்: கருவில்லை. உகரத்துக்குப் பின் வகர உடம்படுமெய், 'கரு இல்லை' என்றுதான் படிப்பார்கள். அப்புறம், அந்த மண் அச்சை ஒரு சிலைக்குப் பிறகு உடைத்துவிடுகிறார்கள். ஸ்லைடு மாஸ்டர் நூறு ஸ்லைடுக்கும் கூடவே இருக்கிறது.

-----

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் 'வில்லை'யைத் தீர்ப்போம். எங்கள் பௌதிகவியலில் வில்லை என்றால் லென்ஸ். ஒரே பிள்ளை காலையில் குவிவு வில்லையும் மத்தியானம் முதன்மை வில்லையோ கரு வில்லையோ படிக்க வேண்டுமா?

-----

வில்லை பழகிய சொல்தான். கற்பூர வில்லை இருக்கிறது. வில்லை அணிந்த ஏவலாளை வில்லைச் சேவகன் என்றார்கள். சிறிய, தட்டையான துண்டு என்பதே அடிப்படை. 35 மி.மீ. ஃபிலிமைச் சட்டத்தில் பொருத்தி ப்ரொஜெக்டரில் செருகிய காலத்து ஸ்லைடும் அப்படிப்பட்ட துண்டுதானே? இதற்கும் 'வில்'லுக்கும் உள்ள உறவைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

-----

வேண்டாம் ஐயா, வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. "மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா", அதாவது ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் சட்டென்று தெரியாது என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார். நிலம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் தாய்ப்பத்திரம் தெரியும். மற்றப் பத்திரங்கள் அதிலிருந்து வருகின்றன. 'தாய் வில்லை' போதும். வகரம் இடையினம், ஒற்று மிகாது. அதன் கீழே வரும் லேஅவுட்டுகளைச் சேய் என்று சொல்லவும் வசதி.

-----

தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஆசிரியர்களின் திரையில் ஆங்கிலப் பட்டியல்தான் இருக்கிறது. 'தாய் வில்லை' என்று மட்டும் போட்டால் எந்தப் பொத்தானைத் தேடுவார்கள்? ஸ்லைடு மாஸ்டர் என்றே எழுதுங்கள்.

-----

நன்றி. 'தாய் வில்லை' நன்றாக இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "திரையில் ஸ்லைடு மாஸ்டர் என்று இருக்கும்" என்று எழுதிவிட்டேன். இன்னொரு வரியும் சேர்த்தேன்: ஏற்கெனவே கையால் எழுத்துருவை மாற்றிய ஸ்லைடு தாய் சொல்வதைக் கேட்காது, ஹோம் பட்டியலில் ரீசெட் கொடுத்தால்தான் வழிக்கு வரும்.

-----

கையேடு போகட்டும் டீச்சர், தடுக்கவில்லை. ஆனால் லென்ஸ் பாடத்துக்கே ஓர் ஆசிரியர் ஸ்லைடு செய்வார். 'வில்லையில் வில்லையின் படத்தை இடுக' என்றா எழுதுவது? இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.