கோத்தகிரிக் குளிரில் தர்பூசணி காய்க்குமா?

கேள்வி (கோத்தகிரி)

அனைவருக்கும் வணக்கம். கார்னேஷன் மலர்ச் சாகுபடியை நிறுத்திய பிறகு எங்கள் தோட்டத்தில் ஒரு சிறிய பசுமைக்குடில் காலியாகக் கிடக்கிறது. அதில் வீட்டுத் தேவைக்கும், முடிந்தால் கோடைச் சீசனில் விற்பதற்கும் தர்பூசணி பயிரிட எண்ணுகிறேன். கவனிப்பே இல்லாத எங்கள் வேலியில் மேரக்காய் (சௌசௌ) காய்த்துத் தள்ளுகிறது. அதே குடும்பத்துத் தர்பூசணியோ திறந்த வெளியில் நான்கு இலை விட்டதும் அப்படியே நின்றுவிடுகிறது. பகலில் வெயில் நன்றாகத்தானே அடிக்கிறது?

மறுமொழி (குன்னூர்)

குடும்பம் ஒன்றானாலும் பூர்விகம் வேறு, ஐயா. மேரக்காய் மெக்சிகோ, நடு அமெரிக்க மலைச்சரிவுகளில் தோன்றியது. தர்பூசணி ஆப்பிரிக்காவின் வெப்பநிலத்துப் பயிர். அதன் வளர்ச்சியைத் தடுப்பது பகல் வெயிலின் குறைவு அன்று, இரவின் குளிரும் மண்ணின் குளிருமே. விதை முளைக்க மண்ணில் 18 டிகிரியாவது வேண்டும். கொடி தயங்காமல் ஓட 25 முதல் 30 டிகிரி வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பதால், மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தைவிடத் தங்கள் ஊரில் 9 டிகிரி வரை குறைவாகவே இருக்கும்.

பசுமைக்குடில் பகலில் மட்டுமே பெரிதும் உதவும். சூடேற்றாத குடிலின் உள்ளே இரவு வெப்பம் வெளியைவிட ஓரிரு டிகிரிதான் கூடும். எனவே மேட்டுப்பாத்தி அமைத்துக் கறுப்பு மல்ச்சிங் ஷீட் விரித்து மண்ணைச் சூடாக்குவதும், கறுப்பு வண்ணம் பூசிய தண்ணீர் டிரம்களை வரிசைகளுக்கிடையே வைத்துப் பகல் சூட்டை இரவுக்குச் சேமிப்பதும் பயன் தரும். ஜனவரி இறுதியில் குழித்தட்டில் விதைத்து வீட்டுக்குள் சூடான இடத்தில் முளைக்கவைத்து, பிப்ரவரி பிற்பகுதியில் நட்டால், பூக்கும் பருவம் ஏப்ரல் வெயிலோடு பொருந்தும். சுகர் பேபி போன்ற சிறுகாய் ரகமே ஏற்றது. சமவெளியில் 80 நாளில் அறுவடைக்கு வரும் அந்த ரகம் மலையில் கூடுதல் நாள் எடுக்கும். பெருங்காய் ரகங்களுக்கு நம் கோடை போதாது.

மறுமொழி (தாண்டிக்குடி)

மேலே சொன்னதோடு மகரந்தச் சேர்க்கையையும் கவனிக்க வேண்டும். மூடிய குடிலுக்குள் தேனீ வராது. பிஞ்சு வெம்பி உதிர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம், நோய் அன்று. பூவின் அடியில் மயிர் படர்ந்த சிறு காய் இருந்தால் அது பெண்பூ. ஆண்பூவைக் கிள்ளி, இதழ்களைப் பின்னுக்கு மடக்கி, பெண்பூவின் நடுவிலுள்ள மூன்று மடல்களிலும் மஞ்சள் தூள் ஒட்டும்படி மெல்லத் தடவ வேண்டும். சமவெளியில் விடிந்ததும் செய்வார்கள்; இங்கே குளிர்ந்த காலையில் மகரந்தம் உதிராது. ஆண்பூவை விரலால் தொட்டுப் பார்த்து, தூள் ஒட்டும் நேரத்தில் செய்யுங்கள். கொடிக்கு ஒரு காய், மிஞ்சினால் இரண்டு.

மறுமொழி (கூடலூர்)

விற்பனைக் கணக்கைச் சற்று யோசிக்க வேண்டுகிறேன். கோடையில் சமவெளியிலிருந்து லாரி லாரியாகப் பழம் மலையேறி வரும்போது, குடிலில் வளர்த்த காய் அந்த விலையோடு போட்டியிட இயலாது. வீட்டுக்கென்றால் தாராளமாக வளர்க்கலாம். வருமானத்துக்கு அந்தக் குடிலில் குடைமிளகாயே உகந்தது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வீட்டுக்கு மட்டும் இரண்டு வரிசை வைக்கிறேன். ஓர் ஐயம்: கார்னேஷன் செடிகள் வாடல் நோயில் போன அதே பாத்தியில் நடலாமா?

மறுமொழி (குன்னூர்)

நடலாம். கார்னேஷனைத் தாக்கும் வாடல் பூஞ்சை வகை வேறு. அது தர்பூசணியைத் தாக்காது. ஆனால் பழைய செடிகளின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அது தர்பூசணியையும் விடாது. அப்படியானால் புதிய மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய பெரிய பைகளில் நடுவதே நல்லது. நம் மண் புளிப்பு மிகுந்ததாகையால், மண் பரிசோதனை செய்து அதற்கேற்பப் புளிப்பைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்புத் தூளும் கலந்துகொள்ளுங்கள்.