நீலப் பூனை தவளையான கதை: ஆவியில வேகவச்ச கேக், உங்க அனுபவம் சொல்லுங்க

இரட்டைவால் அம்மா, கோவை:
போன மாசம் நடந்தது, இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. பையனுக்கு அஞ்சு முடிஞ்சு பிறந்தநாள். கிளாஸ்ல 22 பசங்க, ஆளுக்கு ஒரு பூனை மூஞ்சி. எந்தப் பூனைன்னு சொல்லவே வேண்டாம், கார்ட்டூன்ல வர்ற, காது இல்லாத அந்த நீலப் பூனைதான். கடைக் கலர் வேண்டாம்னு வேலியில இருந்த சங்குப்பூவைப் பறிச்சுப் பால்ல போட்டுக் காய்ச்சி வடிகட்டினேன். கிண்ணத்துல பார்க்க அப்படி ஒரு நீலம்! ரெண்டு முட்டையை உடைச்சு ஊத்தி, ஆப்ப சோடா போட்டு, இட்லித் தட்டுல வேகவச்சு எடுத்தா பாசி புடிச்ச தொட்டி மாதிரி பச்சை. மணி ஏழு. வேன் ஏழே முக்காலுக்கு. வேற வழியில்லாம கோகோவைக் குழைச்சுக் கண்ணு, மூக்கு, மீசை எல்லாம் வரைஞ்சு டப்பாவுல அடுக்கி அனுப்பிட்டேன்.

சாயங்காலம் வந்து, ஷூவைக் கழட்டிக்கிட்டே சொல்றான்: "எல்லாரும் தவளை சூப்பர்னாங்கம்மா. நானும் தவளைன்னே சொல்லிட்டேன்."

வேதியியல் டீச்சர், திருச்சி:
பூ மேல தப்பில்லைங்க. மஞ்சக்கருவும் நீலமும் சேர்ந்தாலே பச்சைதான். அது பத்தாதுன்னு சோடா வேற. சங்குப்பூச் சாயம் காரம் பட்டா பச்சைக்குப் போகும், எலுமிச்சை பட்டா ஊதாவாயிடும். அடுத்த தடவை வெள்ளைக்கரு மட்டும் போடுங்க, சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர்.

இவ்வளவு பேசுற நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மகளுக்கு அந்தக் கார்ட்டூன் மஞ்சள் எலி. கன்னத்துல ரெண்டு சிவப்பு வட்டம் இருக்குமே, அதேதான். மஞ்சள்தூளைப் போட்டு, மெத்துனு வரட்டும்னு சோடாவைத் தாராளமா அள்ளிப் போட்டேன். மூடியைத் திறந்தா கன்னம் மட்டுமில்ல, எலி மூஞ்சி பூரா திட்டுத் திட்டா சிவப்பு. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா சிவக்கும்னு வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் செஞ்சு காட்டுறவ நான். அத்தை எட்டிப் பார்த்துட்டு, "எலிக்கு ஆரத்தி சுத்திட்டியா?"ன்னு கேட்டுட்டு நகர்ந்துட்டாங்க. அவங்க அத்தோட விட்டுட்டாங்க, எனக்குத்தான் இன்னும் விடல.

கிள்ளான்வாசி, மலேசியா:
நீங்க எல்லாம் கலர்லயே நிக்கிறீங்க. எனக்குக் கலர் அருமையா வந்துச்சு, மூஞ்சிதான் வெடிச்சுப் போச்சு. பாலர் பள்ளிக்குப் பாண்டா செஞ்சேன். அவசரத்துல தீயைக் கூட்டி வச்சதுல, நெத்தியில இருந்து வாய் வரைக்கும் மூணாப் பிளந்து பூ மாதிரி விரிஞ்சிருச்சு. மகள் பார்த்ததும் கண்ணைப் பொத்திக்கிட்டா. அது சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம். பக்கத்து வீட்டுச் சீன ஆண்டி ஏதோ கேட்க வந்தவங்க, தட்டைப் பார்த்ததும் "ஹுவாட்! ஹுவாட்!"னு கை தட்டுறாங்க. அவங்க சாமிக்குப் படைக்கிற ஹுவாட் கூய்ங்கிற ஆவிக் கேக் வெடிச்சாத்தானே அதிர்ஷ்டம்? அதுக்குன்னே பெரிய தீயில வைப்பாங்க. வெடிச்சதுல ரெண்டு பாண்டாவை ரெண்டு கையாலயும் மரியாதையா வாங்கிட்டுப் போயி, பதிலுக்கு ஆரஞ்சுப் பழம் கொண்டாந்து கொடுத்தாங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

இட்லிப்பானை, மதுரை:
டீச்சரம்மா, சாயக் கணக்கெல்லாம் சரி, அடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா? சோடாவே கூடாதுங்கிறதும் எனக்குச் சம்மதமில்ல. தயிர் ஊத்துற மாவுக்கு ஒரு சிட்டிகை சோடா போட்டுத்தான் ஆகணும்.

என் கதை சின்னது. நானும் எட்டுப் பாண்டா செஞ்சேன். மூடியில கோத்த தண்ணி பாண்டா கண்ணுல சொட்டி, கோகோ கரைஞ்சு கன்னத்துல வழிஞ்சு, எட்டும் வரிசையா அழுதுச்சு. "இட்லிக்குத் துணி போடத் தெரியுது, கேக்குன்னா மறந்துருமா?"ன்னு எங்கம்மா கேட்டாங்க, அவ்வளவுதான்.

அதனால சொல்றேன், கேட்டுக்கோங்க. தண்ணி நல்லாக் கொதிச்ச பிறகுதான் தட்டை வைக்கணும். வச்சதும் தீயைக் குறைச்சிரணும், இல்லேன்னா கிள்ளான்காரங்க பாண்டாதான். மூடியில துணியைச் சுத்தி மேல முடிச்சுப் போடுங்க, தொங்கவிட்டா தீப்புடிக்கும். இட்லி அளவுக்குப் பத்துப் பன்னெண்டு நிமிஷம் போதும், நடுவுல திறக்காதீங்க. கண்ணு மூக்கு எல்லாம் கேக் ஆறின பிறகு. சாக்லேட் சிப்ஸை முன்னாடியே வச்சா உருகி ஓடிரும். சர்க்கரை மாவுப் பொம்மையும் வேண்டாம், இந்தக் கேக் ஈரத்துல வேர்த்து வழிஞ்சிரும். கேக்கோட சேர்ந்தே படம் வரணும்னா, மாவுல கொஞ்சம் கோகோ கலந்து அச்சு அடியில முதல்ல வரைஞ்சு, ஒரு நிமிஷம் ஆவி காட்டிட்டு மேல மாவை ஊத்துங்க. பேரு எழுதுனா மட்டும் திருப்பி எழுதணும், கவுத்தும்போது கண்ணாடியில பார்க்கிற மாதிரி மாறிரும். சூட்டோட டப்பாவுல அடைக்காதீங்க. மறுநாளுக்கும் வைக்காதீங்க, நூல் விட்டுரும்.

இரட்டைவால் அம்மா, கோவை:
நான் கதைதாங்க கேட்டேன் 😅 துணி விஷயத்தை மட்டும் எழுதி வச்சுக்கிட்டேன்.

ஸ்கார்பரோ அம்மம்மா:
எனக்கு நடந்தது வேறை. பேரனுக்குத் தவளை முகம் வேணுமாம். அம்மா ஊரிலை இருந்து தந்துவிட்ட, கூம்பாப் பின்னின நீத்துப்பெட்டிதான் வீட்டிலை கிடந்தது. பிட்டு அவிக்கிற பெட்டியிலை கேக் அவிக்கக் கூடாதெண்டு ஆர் சொன்னது? உள்ளுக்கை வாழையிலை விரிச்சு, பச்சை நிறத்துக்கு ரம்பை இலைச் சாறு விட்ட மாவை ஊத்தி அவிச்சன். இலை ஒரு பக்கம் கிழிஞ்சு போச்சு. கவிட்டுப் பாத்தா, மூஞ்சி கூம்பா நீண்டு, ஒரு கன்னம் முழுக்கப் பெட்டிப் பின்னல் செதில் செதிலாப் பதிஞ்சு கிடக்கு. பேரன் கொஞ்ச நேரம் பேசேல்லை. பிறகு மெல்ல விரலாலை தடவிப் பாத்துப்போட்டு, "அம்மம்மா, முதலை!" எண்டான்.

இப்ப அவன்ரை சிநேகிதப் பிள்ளையளுக்கும் முதலைதான் வேணுமாம். ஒவ்வொரு முறையும் நானே இலையைக் கிழிச்சுத்தான் வைக்கிறன்.