ஆரி வேலைக்கு நிறம் சேர்ப்பதை இளையவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி (கீழக்கரை):
கல்லூரி மாணவியர் சிலருக்கு வீட்டில் ஆரி வேலை (கொக்கி முனை ஊசியால் செய்யும் பூத்தையல்) கற்றுத் தருகிறேன். ஊசி பிடிக்கும் பக்குவம் அவர்களுக்கு விரைவில் வந்துவிடுகிறது, நிறத்தில்தான் தடுமாறுகிறார்கள். கைப்பேசியில் பார்த்த வெளிர் நிறங்களையே வாங்கி வந்து, வெளிர் ரோஜாத் துணியில் வெளிர் பச்சை இலையும் சாம்பல் கொடியும் தைக்கிறார்கள். நான்கு அடி தள்ளி நின்றால் வேலைப்பாடே தெரிவதில்லை. அரக்கையும் பச்சையையும் சேர்க்கச் சொன்னால் பாட்டி காலத்து நிறம் என்று சிரிக்கிறார்கள். அவர்கள் விருப்பத்தைத் தடுக்காமல் எப்படி வழிகாட்டலாம்?

பதில் 1 (பரமக்குடி, நெசவு):
வெளிர் நிறத்தின்மேல் குற்றமில்லை அம்மா. நிறங்கள் மூன்றானாலும் அடர்த்தி ஒன்றாக இருப்பதால்தான் ஒன்றில் ஒன்று கரைந்து போகின்றன. நூல்கண்டுகளைத் துணியின்மேல் வைத்து, அதே கைப்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதில் மறையும் இலை, தைத்த பிறகும் எடுப்பாகத் தெரியாது. பச்சையை மாற்ற வேண்டாம், அதிலேயே அடர்ந்த நூலை எடுத்தால் போதும். இன்னொன்று, நூலின் பருமனும் நிறத்தை மாற்றும். தறியில் நீலப் பாவுக்கு (நீளவாட்டு நூல்) பச்சை ஊடை (குறுக்கு நூல்) ஓட்டினால், எட்ட நின்று பார்ப்பவருக்கு இரண்டும் கலந்து மயில்கழுத்தாகத் தெரியும். அவற்றையே அகலப் பட்டைகளாகப் போட்டால் நீலம் நீலமாகவும் பச்சை பச்சையாகவும்தான் நிற்கும். நெருக்கமாக ஓடும் சங்கிலித் தையலிலும் இவ்வாறே நிறங்கள் கலக்கும்.

பதில் 2 (இராமநாதபுரம்):
பக்கத்து நிறத்தையும் கவனிக்க வேண்டும். பாரிசின் கோப்லான் நெசவுக்கூடத்தில் 1824ஆம் ஆண்டு சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலாளர் ஷெவ்ரோலிடம், கறுப்பு நூல் சோபையின்றி இருக்கிறது என்ற புகார் வந்தது. அவர் ஆராய்ந்தபோது சாயத்தில் பிழையில்லை. அருகே ஓடிய நீலமும் ஊதாவுமே கறுப்பை மங்கலாகக் காட்டின. இதை அவர் 1839இல் நூலாகவே வெளியிட்டார். ஆகவே கடையில் நூலைத் தனியாகப் பார்த்து வாங்காமல், துணித்துண்டை எடுத்துச் சென்று அதன்மேல் வைத்துப் பார்ப்பதே நல்லது.

பதில் 3 (மண்டபம், தையற்கடை):
வைத்துப் பார்ப்பதைக் கடை வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். குழல்விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு நூல்கள் வெளியே வந்ததும் வேறுபடக்கூடும். நம் கடற்கரை வெயிலில் வெளிர் நிறங்கள் மேலும் வெளுத்துத் தெரியும். ஜரிகை நூலை நம்பி நிறத்தைத் தீர்மானிப்பதும் வேண்டாம், உப்புக்காற்றில் அது கறுத்துவிடும். பாட்டி காலத்து நிறம் என்று சிரிப்பவர்களிடம், பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பட்டுப்புடவையால் பெயர்பெற்ற எம்.எஸ். புளூ என்ற நீலத்தைக் காட்டிப் பாருங்கள். எங்கள் கடையில் இளம் பெண்கள்தாம் அதை விரும்பிக் கேட்கிறார்கள்.