வேலி போட்ட இடத்தில் விழும் துண்டுக்கம்பி

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துத் தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் புதுக் கன்று வைத்தவர்கள் பலர் ஆடு மாட்டுக்குப் பயந்து கம்பி வேலிதான் போட்டார்கள். எங்கள் தோப்பிலும் அப்படித்தான். முன்பெல்லாம் கிளுவைப் போத்தும் மூங்கில் முள்ளும்தான் வேலி. உளுத்துப்போனால் அடுப்புக்கு ஆகும், இல்லாவிட்டால் மண்ணோடு மண்ணாகும். கம்பிக்கு அந்தக் குணம் கிடையாது.

முள்கம்பி கூடக் கண்ணில் படும். பயப்பட வேண்டியது கட்டுக்கம்பிக்குத்தான். தூணோடு வலையைச் சேர்த்துக் கட்டி, குறடால் முறுக்கி, மிச்ச வாலை நறுக்கென்று வெட்டிக் கீழே விடுவார்கள். விரல் நீளம்தான் இருக்கும். வரப்புப் புல்லுக்குள் விழுந்தால் வெட்டியவருக்கே தெரியாது. ஒரு மழை பெய்தால் சேற்றுக்குள் போய்விடும். துத்தநாகப் பூச்சு இருப்பதால் சீக்கிரம் துருப்பிடித்து உதிரவும் செய்யாது.

தாளடி நெல் அறுப்பு முடிந்து நாங்கள் விலைக்கு வாங்கிய வைக்கோலில் அப்படி ஒரு துண்டு வந்திருக்கிறது. கட்டு கட்டும் இயந்திரம் வரப்போரம் கிடப்பதையும் சேர்த்தே வாரிச் சுருட்டிவிடும். மாடு தீனியை முதலில் மென்று பார்க்காது, அப்படியே விழுங்கும், அப்புறம்தான் அசைபோடும். எங்கள் பசு தீனி எடுக்காமல், முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. பால் பாதிக்கும் கீழே போனது. டாக்டர் வந்து திமில் பக்கம் தோலை இறுக்கிக் கிள்ளினார். நல்ல மாடாக இருந்தால் முதுகைத் தாழ்த்தும். இது தாழ்த்தாமல் முனகியது. "உள்ள கம்பி இருக்குங்க, தாமதிக்காதீங்க" என்றார்.

ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோனோம். இடது விலாப் பக்கம் திறந்து, இரைப்பைக்குள் கைவிட்டு எடுத்தார்கள். கறுத்துப்போன கட்டுக்கம்பி. ஒரு முனையில் குறடு போட்ட முறுக்கு கலையாமல் இருந்தது, மறுமுனை ஊசி. தேனடை போல அறை அறையாக இருக்கும் இரண்டாம் இரைப்பையில்தான் இவை போய்த் தங்குமாம். அதற்கு முன்னால் உதரவிதானம், அதையடுத்து இதயம். இரைப்பை சுருங்கும்போதெல்லாம் முனை முன்னால் நகரும். இதயத்தைத் தொட்டுவிட்டால் மாட்டைக் காப்பாற்றுவது கஷ்டம். எங்கள் மாடு பிழைத்துக்கொண்டது.

மனுஷருக்கும் இதில் ஆபத்து குறைவில்லை. நடவுக்கு வருகிற பெண்கள் வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறார்கள். குத்தினால் கழுவிவிட்டு வேலையைத் தொடர்வார்கள், டெட்டனஸ் ஊசி போட யாரும் அழைத்துப்போவது இல்லை. வேலைக்கு அழைத்தவர்தான் அழைத்துப்போக வேண்டும். சிலர் மிச்சக் கம்பியை வாய்க்காலில் தள்ளிவிடுகிறார்கள். மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வார இறங்குகிறவர் கை அதில்தான் படும்.

அதனால் இப்போது வேலி வேலை பேசும்போதே கூலியோடு இதையும் பேசிவிடுகிறேன்: கட்டுகிற தூணுக்கடியில் சாக்கு விரிக்க வேண்டும், வெட்டின வால் எல்லாம் எண்ணெய் டின்னுக்குள் போக வேண்டும், முறுக்கு முனையை உள்பக்கம் மடக்க வேண்டும். சாயங்காலம் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி வேலியோரமாக இழுத்துக்கொண்டே நடப்பேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒட்டும். மண் காய்ந்திருக்கும்போது செய்தால்தான் பலன், நீர் கட்டிவிட்டால் வீண் வேலை.

பழைய முள்கம்பியைப் பிரிக்கும்போது, இழுவிசையில் இருக்கிற கம்பியை எதிரே நின்று வெட்டாதீர்கள், சீறி முகத்துக்கு வரும். தூண் பக்கம் ஒதுங்கி நின்று வெட்டி, வளையமாகச் சுற்றிப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பூசின வலையைக் கொளுத்தவே கூடாது.

டாக்டரிடம் கேட்டு எங்கள் மாடுகளுக்குக் காந்தம் விழுங்கக் கொடுத்திருக்கிறோம். அது இரண்டாம் இரைப்பையிலேயே தங்கி இரும்புத் துண்டுகளைப் பிடித்துவைக்கும். அலுமினியம் அதில் ஒட்டாது. மின்வேலிக்கு அலுமினியக் கம்பி போட்டவர்கள் துண்டுகளைக் கண்ணால் பார்த்துக் கையால் பொறுக்கியே ஆக வேண்டும்.