குழு: பெரியப்பா 80 – திருக்கடையூர்

குமார்: அப்பா காலைல கட்டில்ல இருந்து எந்திரிச்சதும் கண்ணு இருட்டி சுவத்தைப் பிடிச்சுட்டார். விழல. வியாழக்கிழமையே வெச்சுக்கலாமா, தள்ளிப் போடலாமா?

ராஜி அத்தை: ஐயோ. சாப்ட்டாரா

செல்வம் மாமா: பிபி மாத்திரைய நிறுத்து. கழுத்து நரம்பை லேசா அமுக்கி விட்டா தெளிஞ்சுடும்

மீனா: மாமா, கழுத்துல யாரும் கை வைக்காதீங்க. தாடைக்குக் கீழ கரோட்டிட் தமனி ரெண்டாப் பிரியற இடத்துல ரத்த அழுத்தத்தை உணர்ற நரம்பு நுனிகள் இருக்கு. அங்க அமுக்கினா அழுத்தம் ஏறிடுச்சுன்னு மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். அது இதயத்தை மெதுவாக்கும், ரத்தக்குழாயைத் தளர்த்தும். 1920கள்ல ஜெர்மனியில ஹெரிங் காட்டினது இது. அதுவரைக்கும் இதயத்தை மெதுவாக்கற வேகஸ் நரம்பே நேரா அமுங்குறதாலதான் துடிப்பு குறையுதுன்னு நம்பினாங்க. வயசானவங்களுக்கு ஒரு அமுக்குலயே இதயம் சில விநாடி நின்னுடலாம்.

செல்வம் மாமா: சரிம்மா

மீனா: குமார், இப்பவே பிபி பாரு. படுக்க வெச்சு 5 நிமிஷம் கழிச்சு ஒண்ணு. நிக்க வெச்சு 1 நிமிஷத்துல, அப்புறம் 3 நிமிஷத்துல. கைப்பட்டை நெஞ்சு உயரத்துல இருக்கணும். கை தொங்கினா அளவு கூடக் காட்டும், இறங்கினது தெரியாமப் போயிடும். நாடியையும் எழுது. பக்கத்துல ஒருத்தர் பிடிச்சுக்கணும்.

லட்சுமி சித்தி: சமையல்காரர் 120 இலைங்கறார். 90 போதும்னேன்

ராஜி அத்தை: 60க்கே கூப்பிடலன்னு எங்க வீட்ல இன்னும் பேச்சு. 120 இருக்கட்டும்

குமார்: படுத்து 152/84, நாடி 72
நின்னு 1 நிமிஷம் 120/72, 77
3 நிமிஷம் 118/70, 77

மீனா: மேல் அளவு 20 இறங்கினாலே கவனிக்கணும். இவருக்கு 34. நின்னதும் அரை லிட்டருக்கு மேல ரத்தம் வயித்துக்கும் காலுக்கும் இறங்கும். நரம்பு நல்லா இருந்தா நாடி அந்த 34ல பாதி, 17க்கு மேலயாவது கூடியிருக்கணும், 5தான் கூடியிருக்கு. மெட்டோப்ரோலால் மாதிரி துடிப்பைக் குறைக்கற மாத்திரை ஏதாவது?

குமார்: இல்லக்கா. பிபிக்கு அம்லோடிபின், அப்புறம் சுகர் மாத்திரை. போன மாசத்துல இருந்து யூரினுக்கு டாம்சுலோசின்

மீனா: 22 வருஷ சுகர் நரம்பைக் கெடுத்திருக்க வாய்ப்பு அதிகம். அதுக்கு மேல டாம்சுலோசின். குழாய் சுருங்கணும்னு நரம்பு அனுப்பற தகவலை வாங்கற இடத்தையே அது அடைச்சுடும். நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. இந்த அளவுகளை இன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டு. ஈசிஜியும் எடுக்கட்டும்.

லட்சுமி சித்தி: அப்போ விசேஷம்?

மீனா: டாக்டர் சரின்னா நடத்தலாம் சித்தி. மணை வேண்டாம், நாற்காலி. வெறும் வயித்தோட உக்கார வைக்காதீங்க. ஹோமச் சூட்டுல தோல்ல இருக்கற குழாய் விரிஞ்சு அழுத்தம் இன்னும் இறங்கும், தள்ளிதான் உக்காரணும். எழுந்துக்கறதுக்குக் கால் மணி முன்னாடி 2 டம்ளர் தண்ணி மடமடன்னு குடிக்கணும், தண்ணி குறைக்கச் சொல்லியிருந்தா மட்டும் வேண்டாம். பாதத்தை 20 தடவை ஆட்டி, தொடையை இறுக்கிட்டு மெதுவா எழுந்திரிக்கணும். சாப்பிட்டதும் ரத்தம் குடலுக்குப் போயிடும், அப்ப அவரை நிக்க வெச்சு யாரும் ஆசீர்வாதம் வாங்காதீங்க.

செல்வம் மாமா: நாற்காலின்னா குருக்கள் என்ன சொல்வாரோ

ராஜி அத்தை: அண்ணனே ஒத்துக்க மாட்டார். 60க்கு 3 மணி நேரம் மணைலதான் இருந்தார்

லட்சுமி சித்தி: அக்கா சொன்னா கேப்பாங்க

குமார்: டாக்டர் 6 மணிக்கு வரச் சொன்னார். நாற்காலிக்குக் குருக்கள்கிட்ட நாளைக்குக் கேக்கறேன்

லட்சுமி சித்தி: இலை 90ஆ 120ஆ