புதுப்பிப்பு: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வீட்டுப் பரணில் கிடைத்த கத்தி

பெரியப்பா வீட்டுப் பரணில் துருப்பிடித்த கத்தி ஒன்று கிடைத்ததாக முன்பு எழுதி, அது என்னவென்று கேட்டிருந்தேன். பாலக்காட்டுக் கோட்டையை 1766இல் கட்டியவர் ஹைதர் அலி என்பதால், திப்பு காலத்து வாள் என்று சிலர் உறுதியாகச் சொன்னார்கள். அது வாள் அல்ல, பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி.

எண்ணெய் தடவி ஊறவைத்து மெல்லத் துடைத்ததும், பிடிக்கு அருகே கிரீடமும் அதன்கீழ் ஜி.ஆர்.ஐ. (ஜார்ஜ் மன்னரைக் குறிப்பது) என்ற எழுத்துகளும் தெரிந்தன. மறுபுறம் ஆர்.எஃப்.ஐ., 1942. அதாவது இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில், லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்காகச் செய்தது. இதன் மூல வடிவமான 1907 மாதிரிக்குக் கத்தி அலகின் நீளம் 17 அங்குலம். ஜப்பானியப் பயனெட்டைப் பார்த்து அமைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் அதை ஏறத்தாழ 12 அங்குலமாகக் குறைத்தார்கள். என்னிடம் இருப்பது அந்தக் குட்டை வகை. எனக்கு அதுதான் பெருமகிழ்ச்சி!

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னவர்களிடம் ஒரு வேண்டுகோள்: யாருக்கும் அப்படிச் சொல்லாதீர்கள். முத்திரைகள் அழிந்தால் அது வெறும் இரும்பு. தோலுறைக்குள் வைத்தே பாதுகாப்பதும் வேண்டாம், தோல் ஈரத்தை இழுக்கும்.

2016 ஆயுத விதிகளின் பட்டியலில் பயனெட்டும் இருக்கிறது. வாங்குமுன் உங்கள் பகுதி நிலவரத்தை விசாரியுங்கள். துப்பாக்கி என்றால் உரிமம் இல்லாமல் தொடவே கூடாது.

பிடியின் முனையில் ஓர் எண் வெட்டப்பட்டிருக்கிறது. படைப்பிரிவு முத்திரைகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள், படம் அனுப்புகிறேன்.