கறுப்பு காரில் உப்புத்தண்ணீர் வட்டங்கள், எப்படிப் போக்குவது?

கேள்வி: காரைக் கழுவுவது உப்புத்தண்ணீரில்தான். காய்ந்ததும் பானட் முழுக்க வெள்ளை வட்டங்கள். ஷாம்பு போட்டுத் தேய்த்தாலும் அசையவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அது அழுக்கில்லை, ஷாம்புவுக்குப் போகாது. தண்ணீர் ஆவியானதும் தங்கிவிடும் கால்சியம், மக்னீசியம் உப்பு. லேசான அமிலம்தான் கரைக்கும். வெள்ளை வினிகரையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்துக் கறைமேல் ஒரு நிமிடம் போல வையுங்கள். காய விடாதீர்கள். அப்புறம் நன்றாக அலசி உடனே துடைத்துவிடுங்கள். பானட் சூடாக இருக்கும்போது தயவுசெய்து வேண்டாம். வினிகர் பெயின்ட்மேல் பூசிய வாக்ஸையும் கொஞ்சம் எடுத்துவிடும், திரும்பப் போட வேண்டியிருக்கும்.

இன்னொருவர்: விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு போயும் வட்டம் தெரிந்தால் பெயின்ட்டின் மேலிருக்கும் கண்ணாடி போன்ற பூச்சே (கிளியர்கோட்) அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு பாலிஷ்தான்.

கேட்டவர்: ஓர் ஓரத்தில் செய்து பார்த்தேன், போய்விட்டது! இனி வராமலிருக்க?

பதில்: சந்தோஷம். நிழலில் கழுவுங்கள், பகுதி பகுதியாக அலசி ஈரம் காயும் முன் துடையுங்கள். சைடு மிரர் இடுக்கிலும் கதவுக் கைப்பிடிக்குள்ளும் தண்ணீர் தங்கி, பிறகு மெல்ல வழிந்து கோடு போடும். அங்கே கட்டாயம் துணியை விட்டு ஒற்றி எடுங்கள்.